பூரணை மாப்பிள்ளைக்கு முடி ஒட்டிய நாட்கள்

தாடி ஒட்டுகிற தொழிலில் கண்ணுக்கு வேலை திரை திறக்கும்வரைதான், அதற்குப் பிறகு எல்லாம் காதுதான். நாங்கள் திரைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, சனம் சிரிக்குதோ, இருமுதோ, கடலைச் சுருளைக் கசக்குதோ என்று கேட்டுத்தான் எங்கள் வேலை சரியா பிழையா என்று அறிவோம். விருந்தாட்களுக்குச் சமைத்து அனுப்பிவிட்டு, குசினிக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆராவது உப்பைப் பற்றிக் கதைக்கிறார்களா என்று கேட்டு நின்ற எவருக்கும் நான் சொல்லப்போவது விளங்கும். நீங்களும் என்னைப்போலப் பட்டவர்கள்தான்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் தவக்கால நாடகங்களுக்குத் தாடி செய்கிறவள். பிலாத்து, யூதாஸ், அப்போஸ்தலர்கள், எல்லாருக்கும் தாடி என் கையால்தான். வருஷத்தில் இரண்டு மாதம் அந்த வேலை, மிச்சத்துக்குத் தையல். சண்டைக் காலம். வெள்ளவத்தை முழுக்க வடக்கிலிருந்து வந்த சனம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கே போவது என்று ஒருத்தருக்கும் தெரியாது. அப்போதுதான் எங்கள் தவக்கால நாடகங்களை எழுதுகிற அருளப்பு மாஸ்டர் ஒரு தொடர் நாடகம் எழுதினார். மாதம் ஒரு பகுதி, ஒரு ஞாயிறு கொட்டாஞ்சேனையில், அடுத்த ஞாயிறு வெள்ளவத்தையில். சனம் இருட்டமுன் வீடு போய்ச் சேரவேணும் என்பதால் மூன்று மணிக்கே தொடங்கிவிடும்.

நாடகத்தின் பெயர் 'பூரணை மாப்பிள்ளை'. லண்டனிலிருந்து பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை, பூரணைக்குப் பூரணை ஓநாயாய் மாறிவிடுவான். அது தெரியாமல் வெள்ளவத்தைப் பெண் ஒருத்தி அவனில் விருப்பம் வைத்துவிடுவாள். காதலும் பகிடியும் கலந்த கதை. நடத்தினவர் வெள்ளவத்தையில் புடவைக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி. மாப்பிள்ளையாய் நடித்தது துறைமுகத்தில் வேலை செய்த அன்ரன். பெண்ணாய் நடித்தது ஹெவ்லொக் டவுனிலிருந்து வருகிற சுகந்தி, ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். ஓநாயைச் செய்தது நான். நோட்டீஸில் கடைசி வரியில் 'ஓநாய் ஆக்கம்: ரீட்டா' என்று அடித்திருந்தார்கள். அதுவரைக்கும் என் பெயர் அச்சில் வந்ததில்லை. அந்த நோட்டீஸை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

யூதாஸின் தாடி

முதல் பகுதிக்கு எனக்குக் கிடைத்தது மூன்று கிழமை. ஒரு முழு ஆளை மூடுகிற அளவுக்கு முடி வேணும். சாக்கைப் பிரித்தேன். மெத்தைத் தும்புக்குச் சாயம் போட்டேன். உடம்புக்கும் கைகாலுக்கும் அது சரி, முகத்துக்குச் சரிவரவில்லை. தும்பு முகத்தில் தும்பாய்த்தான் தெரியும். பெட்டியைத் திறந்து தவக்காலத் தாடிகளை எடுத்துப் பிரித்து, கன்னத்துக்கும் நெற்றிக்கும் வைத்துத் தைத்தேன். அடுத்த தவக்காலத்துக்கு ஏழு மாதம் கிடந்தது, அதற்குள் புதிதாய்ச் செய்துகொள்ளலாம். முகம் அவ்வளவு அழகாய் வந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்த அன்ரனே ஒரு அடி பின்னுக்குப் போனான்.

கொட்டாஞ்சேனை மண்டபத்தில் அன்றைக்கு ஊசி விழ இடமில்லை. துறைமுகத்து ஆட்கள், மட்டக்குளியிலிருந்து பஸ் எடுத்து வந்த குடும்பங்கள், பூசைக்கு வந்தபடியே வந்திருந்த அம்மாமார். நீல வெளிச்சம் வந்தது. அன்ரன் சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, மெதுவாய்த் திரும்பினான். மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. நான் திரைக்குப் பின்னால் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், இந்தா கத்தப்போகிறார்கள், இந்தா கத்தப்போகிறார்கள் என்று. நடு வரிசையிலிருந்து ஒரு அம்மா, கோயிலில் மன்றாட்டுச் சொல்லுகிற அதே குரலில், பக்கத்திலிருந்தவவுக்கு விளங்கப்படுத்தினா: "பயப்பிடாதை மேரி, அது போன தவக்காலத்து யூதாஸின்ர தாடி, இடப்பக்கம் கொஞ்சம் சிவப்படிச்சிருக்கும் பார்."

மற்ற இருபத்தொன்பது நாள்

அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனை மண்டபம் அடங்கவில்லை. ஓநாய் வரும்போதெல்லாம் "யூதாஸ் வாறான்" என்று சிரித்தார்கள். எனக்கு இருந்த ஒரே ஆறுதல், வெள்ளவத்தைச் சனம் எங்கள் தவக்கால நாடகத்துக்கு வந்ததில்லை, அவர்களுக்கு எந்தத் தாடி ஆருடையது என்று தெரியாது. அடுத்த ஞாயிறு அங்கே போனோம். அங்கே சனம் சோதனைப் பேப்பர் திருத்துகிறமாதிரி இருந்து பார்க்கும். ஓநாய் திரும்பியது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பயந்துதான் அடங்கிப்போயிருக்கிறார்கள் என்று நம்பினேன்.

நாடகம் முடிய, தேத்தண்ணி கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எங்கள் தொழிலில் உண்மை அங்கேதான் கிடைக்கும். நாலைந்து அம்மாமார் கூடி நின்று மாப்பிள்ளையைப் பற்றித்தான் கதைத்தார்கள். உயரம் போதுமாம். குடிவெறி இல்லையாம். சீதனமும் கேட்கவில்லையாம். ஓநாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் நாடகத்து ஆள் என்று கண்டுகொண்ட ஒரு அம்மா, கையைப் பிடித்து ஓரமாய்க் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னா: "மாசத்தில ஒரு நாள்தானே அக்கா, மற்ற இருபத்தொன்பது நாளும் தங்கமான பிள்ளை. அந்தத் தம்பிக்கு லண்டனில விசா நிரந்தரமோ எண்டு மாஸ்டரிட்டை ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

முதலாளி கூப்பிட்டார்

செவ்வாய்க்கிழமை முதலாளி எங்களைக் கடைக்குக் கூப்பிட்டார். மாஸ்டரும் நானும் சேலைக் கட்டுகளுக்கு நடுவில் இரண்டு முக்காலியில் இருந்தோம். முதலாளி நல்ல மனுஷன், ஆனால் துணியைத் தடவிப் பார்க்கிறமாதிரித்தான் எதையும் தடவிப் பார்ப்பார். "ரீட்டா, நான் வெட்டிக் கதைக்கிறன் எண்டு நினையாதையும்" என்று தொடங்கினார். "கொட்டாஞ்சேனையில சிரிக்கினம். வெள்ளவத்தையில சம்பந்தம் பேசுகினம். ஆர் பயப்பிட்டது?" மாஸ்டர்தான் எனக்காக வாதாடினார். சனம் ஓநாய்க்குப் பயப்படாவிட்டால் அந்தப் பெண் அவனை விரும்புகிறதில் என்ன பெருமை, அவளின் துணிவுக்கு என்ன அர்த்தம், அதனால் ஓநாய் மேடையில் நிற்கத்தான் வேணும் என்றார். முதலாளி அதையே பிடித்துக்கொண்டார்.

சேலைக் கட்டொன்றை எடுத்து மடித்தபடி கெடுவைச் சொன்னார்: "அதைத்தான் நானும் சொல்லுறன் மாஸ்டர். மூண்டாம் பகுதியில ஒரு ஆளாவது பயப்பிடோணும். இல்லாட்டி நாலாம் பகுதியிலயிருந்து ஓநாய் திரைக்குப் பின்னால நிண்டு ஊளையிட்டாப் போதும், நோட்டீஸில ரீட்டாவின்ர வரியும் தேவையில்லை."

கருவாட்டுக்குக் காவல்

அன்றையிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ஓநாய்த் தோலை முதலில் கழுவினேன். இரண்டு ஞாயிறு அன்ரன் உள்ளே வேர்த்ததில் அது ஒரு மாதிரி மணந்தது. எங்கள் மாடிவீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், கொடியில் இரண்டு கையையும் விரித்துக் கொழுவிவிட்டு வந்தேன். தலையை மேலே தூணில் கவிழ்த்து வைத்தேன். ஓநாய் இரண்டு நாள் கொட்டாஞ்சேனையை மேலேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றது.

கீழ் வீட்டில் செபமாலை அக்கா இருந்தா, மட்டக்குளியிலிருந்து மீன் எடுத்து அதே மாடியில் கருவாடு காயப்போடுகிறவ. அவ ஓடிவருவதைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகமெல்லாம் வேர்வை, வாய் திறந்தபடி. கடைசியில் ஒரு ஆள் பயந்துவிட்டது என்று நினைத்து, "என்னக்கா, கண்டிட்டியளோ?" என்று கேட்டேன். கண்டாவாம். அவ மட்டுமில்லையாம், காகமெல்லாம் கண்டதாம். இரண்டு நாளாய் ஒரு காகம் அந்தப் பக்கம் வரவில்லையாம். மூச்சு வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தா: "இன்னும் ரெண்டு நாளைக்குத் தொங்கட்டும் ரீட்டா, என்ர கருவாடு இன்னும் காயேல்ல."

பைக்குள் என்ன

காகம் பயந்தால் போதாது. இரண்டாம் பகுதிக்குக் கண்ணுக்குள் பல்ப் வைத்தேன். நாலு பற்றரி, இரண்டு சின்னச் சிவப்பு பல்ப், ஒரு சுவிச்சு. வாய் திறந்து மூடுவதற்குச் சைக்கிள் பிறேக் கம்பி. கொட்டாஞ்சேனையில் கண் எரிந்ததும் விசிலடித்துக் கைதட்டினார்கள், பயம் மட்டும் வரவில்லை. அடுத்த ஞாயிறு வெள்ளவத்தைக்கு அன்ரனும் நானும் ஒரு த்ரீவீலரில் போனோம். ஓநாய் ஒரு பெரிய துணிப்பைக்குள், அந்தப் பாக் என் மடியில். காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறித்தார்கள்.

அன்ரனை இறக்கி அடையாள அட்டையை வாங்கினார்கள். ஒரு இளம் ஆமிக்காரன் பாக்கைத் திறந்து கையை விட்டான். முதலில் வந்தது கம்பி. பிறகு ஒட்டுற ரேப் சுற்றின பற்றரி. பிறகு வயர். அந்த நேரத்தில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெடியனின் பாக்கிலிருந்து அது வருவதென்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆமிக்காரனின் கை அப்படியே நின்றது. மற்றவனைக் கூப்பிட்டான். அன்ரன் துறைமுகத்தில் நாள் முழுக்கச் சிங்களம் கதைக்கிறவன், அன்றைக்கு அவனுக்கு ஒரு சொல் வரவில்லை. என்னுடைய சிங்களம் சந்தைச் சிங்களம். "நாட்டிய, புத்தே" என்றேன், நாடகம், மகனே என்று. ஓநாய்க்குச் சிங்களத்தில் என்ன என்று எனக்குத் தெரியாது, அதனால் "லொக்கு பல்லெக்" என்றேன், பெரிய நாய். பாக்குக்குள் பெரிய நாய் என்றதும் இரண்டாவது ஆள் ஒரு அடி தள்ளி நின்றான்.

இனிக் கதைத்து வேலையில்லை என்று விளங்கியது. மெதுவாய், இரண்டு கையும் அவர்களுக்குத் தெரிகிறமாதிரி, பாக்கின் அடியிலிருந்து தலையை எடுத்தேன். எடுத்து என் தலையிலேயே மாட்டிக்கொண்டு சுவிச்சை அமத்தினேன். இரண்டு கண்ணும் எரிந்தது. பக்கத்தில் நின்ற பஸ் யன்னல் எல்லாவற்றிலும் தலைகள். ஓநாயின் வாய்க்குள்ளாலேயே முழுக் கதையையும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: இவர் மாப்பிள்ளை, லண்டனிலிருந்து வந்தவர், நல்ல மனுஷன், போயா, அதுதான் பூரணை, வந்தால் இப்படி ஆகிவிடுவார், ஒரு பெண் இவரைக் கட்ட ஆசைப்படுகிறாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. இரண்டாவது ஆள் கிட்ட வந்து காதைத் தொட்டுப் பார்த்தான். முதலாமவன் அட்டையை அன்ரனின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கன நேரம் யோசித்து, சிங்களத்தில் என்னைக் கேட்டான்: "போயாவுக்கு இறைச்சிக் கடையெல்லாம் பூட்டுத்தானே அம்மே, அப்ப இவர் என்னத்தைச் சாப்பிடுறது?"

தேத்தண்ணிச் சாயம்

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் முதலில் செய்தது ஒரு கிளாஸ் தண்ணி குடித்தது. மாஸ்டர் முதலில் செய்தது அந்தக் கேள்வியை அப்படியே நாடகத்துக்குள் போட்டது. சுகந்தி ஓநாயைப் பார்த்து, "பூரணைக்கு இறைச்சிக் கடை பூட்டு, எங்கட வீடு சைவம், இந்தாங்கோ வடை" என்று தட்டத்தை நீட்ட, வெள்ளவத்தை மண்டபம் முதல்தரம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எனக்குத் தேவை அதற்கு அடுத்த நிமிஷம். வடையைத் தட்டிவிட்டு ஓநாய் வாயைப் பிளந்து உறுமவேணும்.

பிளந்தது. பிளந்த வாய் மூடவில்லை. பிறேக் கம்பி எங்கேயோ இறுகிவிட்டது. அன்ரன் உள்ளேயிருந்து தாடையைத் தள்ளுகிறான், நான் திரைக்குப் பின்னால் கம்பியை இழுக்கிறேன், அசையவில்லை. சுகந்தி கெட்டிக்காரி, "பசி போல" என்று இரண்டு வடையை உள்ளே வைத்துப் பார்த்தாள். அதுவும் போய் இறுகிக்கொண்டது. அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு ஐயா எழும்பி, ஆரையும் கேளாமல் மேடைக்கு ஏறினார். பாமன்கடைப் பக்கத்தில் பல் டொக்டராம். ஒரு கையால் அன்ரனின் உச்சியைப் பிடித்து, மற்றக் கையால் தாடைக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டினார். வாய் மூடிக்கொண்டது. ஓநாயின் பல்லை நான் வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் வெட்டி, பழசாய்த் தெரியட்டும் என்று தேத்தண்ணிச் சாயத்தில் ஊறப்போட்டிருந்தேன். இறங்கும்போது டொக்டர் சுகந்தியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கீழ் வரிசை முழுக்கச் சொத்தை பிள்ளை, கலியாணத்துக்கு முன்னம் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாரும்."

நெற்றிப் பக்கம்

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அந்த ஞாயிறு எல்லாரும் போனபிறகு, நான் முடியைச் சீவி மடித்துக்கொண்டிருக்க, நல்ல உடுப்புப் போட்ட ஒரு ஐயா ஒப்பனை அறை வாசலில் வந்து நின்றார். வழுக்கை. தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாய் நின்றார். ஓநாய் எப்படி இருந்தது என்று நான்தான் கேட்டேன். அருமை, அருமை என்றார். பயமாய் இருந்ததோ என்றேன். பயமோ, எனக்கு ஆசையாய் இருந்தது என்றார். எனக்கு விளங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அந்த நெத்திப் பக்கம் வைச்சிருக்கிறது மாதிரி எனக்கும் ஒண்டு செய்வியளோ, சம்பளத்துக்குக் குறைவில்லை, கந்தோரில மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ."

ஏழு நூல்

மூன்றாம் பகுதி வந்தது. கொட்டாஞ்சேனை மண்டபத்தை ஒரு கலியாண வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள், அதனால் இந்தமுறை வெள்ளவத்தையில் மட்டும்தான். எனக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு பின்னேரம்தான். அதில் ஒருத்தரும் பயப்படாவிட்டால் ஓநாய் திரைக்குப் பின்னால் போய்விடும், நான் திரும்பவும் வருஷத்தில் இரண்டு மாதத் தாடிக்காரி. மாஸ்டரிடம் போய், இந்தமுறை இருட்டில் வேண்டாம், அன்ரன் சனத்தின் கண்ணுக்கு முன்னாலேயே மாறட்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "முடியுமோ ரீட்டா?" என்றார். முடியும் என்றேன். தெரியாமல்தான் சொன்னேன்.

மூன்று கிழமை இருந்து யோசித்து அதைச் செய்தேன். சட்டைக் கைக்குள்ளும் கொலருக்குள்ளும் முடியைச் சுருட்டி மறைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு நூல் கட்டினேன். மொத்தம் ஏழு நூல். அன்ரன் கதிரையில் இருப்பான். கதிரைக்குப் பின்னால் ஒரு மறைப்புத் துணி, அதற்குப் பின்னால் நான். முதல் நூலை இழுத்தால் வலக்கையில் முடி ஊர்ந்து வரும், இரண்டாவதுக்கு இடக்கை, மூன்றாவதுக்குக் கழுத்து. அப்படி ஏறி, ஏழாவதுக்கு நெற்றியிலிருந்து முகமூடி இறங்கி மூடும். கண்ணுக்குப் பற்றரி வைக்க அன்ரன் விடவில்லை. "அக்கா, வயர் இருந்தா நான் த்ரீவீலரில ஏறமாட்டன்" என்று சொல்லிவிட்டான். அவனில் பிழை இல்லை. சைக்கிளுக்குப் பின்னால் பூட்டுகிற சிவப்புக் கண்ணாடி இரண்டை வெட்டி வைத்தேன். மேடை வெளிச்சத்தில் அது செத்த மீன் கண் மாதிரித்தான் கிடந்தது. ஆனால் வேறு வழியில்லை.

அன்றைக்கு முதல் வரிசையில் முதலாளி இருந்தார். நான் துணி இடுக்கால் பார்த்தேன். காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு. மேடையில் சுகந்தி மாப்பிள்ளையைத் தனிய இருத்திவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனாள். நிலவு வெளிச்சம் வந்தது. முதல் நூலை இழுத்தேன். அன்ரனின் கையில் முடி ஊர்ந்தது. மண்டபத்தில் ஒரு கதிரை கிரீச்சிட்டது. இரண்டாவது நூல். ஒரு பிள்ளை "அம்மா" என்றது. மூன்றாவதை இழுக்கிறேன், வரவில்லை. நூல் கதிரைக் காலில் சிக்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது.

யன்னல் எல்லாவற்றுக்கும் கறுப்புத் துணி அடித்திருந்தோம், உள்ளே கும்மிருட்டு. எனக்கு அது கடவுள் செயலாய்ப் பட்டது. இருட்டில் ஆருக்குத் தெரியும் என்று துணியைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குத் தவழ்ந்து வந்து, முழங்காலில் நின்று, கதிரைக் காலில் சுற்றின நூலை எடுத்துவிட்டேன். மற்ற நூல்கள் என் பல்லுக்குள். திரும்புவதற்குள் வெளிச்சம் வந்தது. மின்சாரம் இல்லை, கையில் பிடிக்கிற ரோச் லைற். மின்வெட்டுக் காலம், ஒவ்வொருத்தரின் கைப்பையிலும் ஒன்று இருந்தது. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு மண்டபம் முழுக்க. எல்லாம் மேடைக்கு நேரே. நடுவில் பழைய வீட்டுச் சேலையோடு, வாயில் நாலு நூலோடு நான்.

ஓடியிருக்கலாம். ஓடினால் அத்தோடு எல்லாம் முடிந்தது. அன்ரன் தலையை அசைக்காமல், "இழுங்கோ அக்கா" என்று வாய்க்குள் சொன்னான். நான் இழுத்தேன். எல்லாரும் பார்க்க, ஒளிக்காமல், மூன்றாவது, நாலாவது. முடி கழுத்தால் ஏறிக் காதைப் பிடித்தது. ஐந்தாவது. சிரிக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். ஒரு சிரிப்பும் வரவில்லை. ஆறாவது. ஏழாவது நூலுக்கு முகமூடி இறங்கியது, அன்ரன் தலையை நிமிர்த்தினான், நான் அவன் தோளில் கையை ஊன்றிக்கொண்டு எழும்பினேன். இருநூறு ரோச் லைற்றும் அந்தச் சிவப்புக் கண்ணாடியில் பட்டு, பிடித்தவன் பிடித்தவனின் கண்ணுக்கே திரும்பிப் போனது. ஒவ்வொருத்தருக்கும் ஓநாய் தன்னைத்தான் பார்க்கிறது என்று பட்டிருக்கவேணும். பின்னுக்கிருந்து தொடங்கின கத்தல் முன்னுக்கு வந்து சேர்ந்தது. கதிரைகள் விழுந்தன. ஆரோ சுவாமி பெயரைச் சொன்னார்கள். ஒரு ரோச் லைற் கையிலிருந்து விழுந்து மேடைக்குக் கீழே உருண்டது.

அந்தக் கத்தலுக்குள் சுகந்தி தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். அவளுக்கும் உண்மையில் பயம், தட்டத்தில் கோப்பை கிலுங்கியது. கிட்ட வந்து தட்டத்தை வைத்தாள். ஓநாயின் நெற்றியில் விழுந்த முடியை விரலால் ஒதுக்கிவிட்டு, "தேத்தண்ணி ஆறப்போகுது" என்றாள், அவ்வளவுதான். கத்தின சனம் அத்தனையும் அடங்கியது. ஒரு அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தப் பெண் அவனைக் கட்டட்டும் என்று மண்டபமே மூச்சை விடாமல் இருந்தது. நான் அசைய மறந்துபோனேன். ஓநாயின் தோளில் கையை வைத்தபடியே நின்றேன். முன் வரிசையில் முதலாளி கதிரையோடு ஒரு முழம் பின்னுக்குப் போயிருந்தார். பக்கத்திலிருந்தவரின் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் ரோச் லைற்றை ஆட்டி ஆட்டி, என்னைப் பார்த்துச் சொன்னார்: "ரீட்டா, கையை எடும், ஓநாயை மறைக்குது."

எத்தனையோ வருஷம் இந்தத் தொழிலில் இருந்தேன், அத்தனைக்குள்ளும் மேடையில் முழு வெளிச்சத்தில் நான் நின்றது அன்றைக்கு ஒருநாள்தான், அன்றைக்கும் இடைஞ்சலாய்த்தான் நின்றேன்.